குறுக்குக் காற்றில் உட்கார்ந்தவள்

எந்த அறைக்குள் நுழைந்தாலும் ரதோய்கா முதலில் வணக்கம் சொல்வதில்லை. முதலில் ஜன்னலைப் பார்ப்பாள், அப்புறம் கதவைப் பார்ப்பாள். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் ஏதாவது ஒன்றைச் சாத்திவிட்டுத்தான் "எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்பாள். கல்யாண வீடோ சாவு வீடோ, பஸ்ஸோ பல் டாக்டர் அறையோ, விதி ஒன்றுதான். ஒருமுறை தேவாலயத்தில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்துகொண்டிருந்தபோது நடுவிலே எழுந்துபோய்ப் பக்கக் கதவை இழுத்து மூடினாள். பாதிரியார் ஜெபத்தை நிறுத்தாமல் கண்ணாலேயே நன்றி சொன்னார்.

அவளுடைய ஊரான வால்யேவோவில் இதை யாரும் கிறுக்குத்தனம் என்று நினைத்ததில்லை. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிற குறுக்குக் காற்று மனுஷனை என்ன பாடு படுத்தும் என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கழுத்துப் பிடிக்கும், வாய் கோணும், சிறுநீரகம் குளிர்ந்துபோகும். மற்றவர்கள் சில்லென்று பட்ட பிறகு எழுந்துபோய் மூடுவார்கள். ரதோய்கா வரும்போதே மூடுவாள். வித்தியாசம் அவ்வளவுதான். அதோடு, தையல் ஆலையில் முப்பத்தோரு வருடம் சட்டைக் காலர் மட்டுமே தைத்தவள் அவள். ஊரில் பாதி ஆண்களின் கழுத்தை மூடிக் காப்பாற்றியது தன் கைதான் என்கிற எண்ணம் அவளுக்கு உள்ளூர உண்டு.

அவள் ஓவியம் கற்றுக்கொள்ளப் போனதும் ஒரு ஜன்னலால்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு இலையுதிர் காலத்தில், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், பண்பாட்டு இல்லத்தைத் தாண்டிப் போகும்போது மாடியில் ஒரு ஜன்னல் படார் படார் என்று அடித்துக்கொண்டிருந்தது. கீழே நின்று கத்திப் பார்த்தாள். யாரும் வரவில்லை. மாடியேறிப் போய், கதவைத் தள்ளி, நேராக நடந்து ஜன்னலை மூடிக் கொக்கி போட்டுவிட்டுத் திரும்பினால், பத்துப் பதினோரு கிழவர்களும் கிழவிகளும் தூரிகையும் கையுமாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒல்லியான ஒரு பெண் நோட்டைத் திறந்து, "பேரு சொல்லுங்க?" என்றாள். கேட்டதற்குப் பதில் சொல்லிப் பழகியவள் இவள். "ரதோய்கா" என்றாள். பன்னிரண்டாவது ஆளாக எழுதிவிட்டார்கள்.

முதல் வாரம் எழுந்துபோக வெட்கப்பட்டு உட்கார்ந்தாள். இரண்டாவது வாரம் தானாகவே போனாள். காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நான்கு மணியிலிருந்து ஆறு மணிவரை அந்த அறையில் யாரும் அவளிடம் "என் கண்ணாடி எங்க?" என்றோ "ராத்திரிக்கு என்ன?" என்றோ கேட்கவில்லை. கல்யாணமாகி நாற்பது வருடத்தில் அப்படி ஒரு இரண்டு மணி நேரம் அவளுக்குக் கிடைத்ததே இல்லை. வீட்டில் புருஷன் தோப்ரிவொயே முணுமுணுத்தான்.

"அறுபத்து மூணு வயசுல படம் வரைஞ்சு என்ன செய்யப் போற?"

"ஒண்ணும் செய்யப் போறதில்ல, தோப்ரி. அதுக்குத்தான் போறேன்."

சொல்லித் தந்தவள் நோட்டைத் திறந்த அந்த ஒல்லிப் பெண்தான், தியோதோரா. இருபத்தாறு வயது. அவள் குடும்பத்தில் கல்லூரிப் பக்கம் போன முதல் ஆள் அவள்தான். சந்தையில் மிளகாய் விற்கிற அவளுடைய அம்மா, படம் வரைய ஐந்து வருடப் படிப்பா என்று இன்னும் வாடிக்கையாளர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா கேட்டது மகளுக்குள்ளும் போய்விட்டதோ என்னவோ, தியோதோரா எதைச் சொன்னாலும் கேள்வியாகவே முடிப்பாள். "வாட்டர்கலர்ல வெள்ளை பெயின்ட் கிடையாதுங்க, சரியா? வெளிச்சம் எங்க வேணுமோ அங்க பேப்பர அப்படியே விட்டுடணும், இல்லையா?"

இப்படி விட்டுவிடுவதுதான் ரதோய்காவுக்கு வரவில்லை. அழுக்குத் தரையைத் தேய்ப்பதுபோலத் தாளைத் தேய்த்தாள். தாள் திரிதிரியாக எழும்பிவந்தது. வெள்ளையாக ஒரு மூலை தெரிந்தால் வேலை முடியவில்லை என்று அவளுக்குக் கை துறுதுறுக்கும். "அக்கா, போதுமே, விட்டுடலாமா?" என்று தியோதோரா சொல்லி முடிப்பதற்குள் அந்த மூலையும் பழுப்பாகியிருக்கும்.

அக்டோபரில் தியோதோரா ஒரு பழைய காலண்டர் படத்தைச் சுவரில் ஒட்டினாள். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பிரெஞ்சுக்காரர் வரைந்ததாம். ஒரு அறை. தாழ்ந்த நாற்காலியில் வெள்ளை உடுப்பில் ஒரு பெண் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறாள். கழுத்தில் ஒன்றுமில்லை, காலில் ஒன்றுமில்லை, மடியில் இரண்டு கையும் சும்மா கிடக்கின்றன. முன்னால் ஜன்னல் விரியத் திறந்திருக்கிறது. திரைச்சீலை உப்பிப் பறக்கிறது. முதுகுக்குப் பின்னால் தோட்டத்துக்குப் போகும் கதவும் திறந்திருக்கிறது.

இரண்டு பேர் தங்கள் கழுத்துத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

"இதைத்தான் எல்லாரும் காப்பி பண்ணப் போறோம், சரியா?" என்றாள் தியோதோரா. "அவரு வரைஞ்சது அந்தப் பொண்ண இல்ல, வெளிச்சத்த. அந்த ஜன்னல்ல நுழைஞ்சு, அவ தோள்ல பட்டு, கதவு வழியா வெளிய போகுது, இல்லையா?"

"வெளிச்சம் மட்டுமா போகுது?" என்றார் ஸ்பாசொயே. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்த்துப் பழகிய கண். "இந்தப் பொம்பளைக்கு வீட்டுல ஆள் இல்லையா? ஒருத்தர்கூடச் சொல்லலையா?"

"பாவம், சின்ன வயசு" என்றாள் ஒருத்தி. "அடுத்த நாளே கழுத்துப் பிடிச்சிருக்கும்."

"அதான் சும்மா உட்காந்திருக்கா" என்றாள் ரதோய்கா. "ஏற்கெனவே பிடிச்சிடுச்சு. திரும்ப முடியல."

மூன்று வாரம் எல்லோரும் நாக்கைக் கடித்துக்கொண்டு உழைத்தார்கள். மூன்றாவது வாரம் தியோதோரா பன்னிரண்டு பலகைகளையும் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்தாள். பன்னிரண்டிலும் ஜன்னல் மூடியிருந்தது. யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொண்டு செய்ததல்ல. ஒருவர் கம்பளிப் போர்வை போர்த்தியிருந்தார். ஸ்பாசொயே பழைய ஜன்னலைக் கழற்றி எறிந்துவிட்டு, இரட்டைக் கண்ணாடி போட்ட புது பிளாஸ்டிக் ஜன்னலே பொருத்தியிருந்தார், கைப்பிடியோடு. ரதோய்காவின் படத்தில் கதவும் சாத்தியிருந்தது. பெண்ணின் காலில் கம்பளிச் செருப்பு. கை சும்மா இருக்கக் கூடாதே என்று மடியில் சுட்டு உரிப்பதற்குச் சிவப்புக் குடைமிளகாய் ஒரு கூடை.

"அக்கா, எல்லாத்தையும் சாத்திட்டா வெளிச்சம் எங்கிருந்து வரும்?"

"லைட்டப் போட்டுக்கட்டும், கண்ணு."

எல்லோரும் சிரித்தார்கள். தியோதோரா சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் டப்பாக்களை எடுத்துக் கழுவப் போனாள். ரதோய்காவும் கூடப் போனாள். குழாயடியில் விஷயம் வெளியே வந்தது. வருடம் பிறந்தால் அந்த அறையை நாட்டுப்புற நடனக் குழுவுக்குக் கொடுக்கப் பண்பாட்டு இல்லத்தின் இயக்குநர் நினைக்கிறார். டிசம்பர் முதல் வெள்ளியன்று வகுப்புப் படங்களின் கண்காட்சிக்கு வருவார். வகுப்பில் ஏதோ கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றினால் அறை இருக்கும், இல்லாவிட்டால் வியாழக்கிழமை இல்லை.

"நான் சொல்லித் தர்றதுலதான் தப்பா அக்கா? எங்கம்மா கேக்கறதுதான் சரியா?"

ரதோய்காவின் காதில் ஒன்றுதான் விழுந்தது. வியாழக்கிழமை இல்லை. கையிலிருந்த டப்பாவை ஏற்கெனவே சுத்தமாகிவிட்ட பிறகும் அவள் கழுவிக்கொண்டே நின்றாள்.

அடுத்த வாரம் தியோதோரா ஒரு முடிவோடு வந்திருந்தாள். நேரில் பார்த்தால்தான் வரும் என்றாள். வகுப்பறை ஜன்னலையும் கதவையும் திறந்து வைத்து, நடுவில் ஒரு ஆளை உட்கார வைத்து வரையலாம். நவம்பர் நடு. வெளியே கொலுபாரா ஆற்றுமேல் மூடுபனி.

"நான் மாட்டேன்மா" என்றார் ஸ்பாசொயே. "எனக்குப் பென்ஷன் வர ஆரம்பிச்சே ரெண்டு வருஷந்தான் ஆகுது. இன்னும் அனுபவிக்கல."

"இருபது நிமிஷந்தானே?"

"இருபது நிமிஷத்துல எங்க மாமாவுக்கு வாய் கோணிடுச்சு. அப்புறம் சாகற வரைக்கும் சூப்ப ஒரு பக்கமாத்தான் குடிச்சாரு."

ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு மாமா இருந்தார். தியோதோரா தூரிகைகளைத் திரும்பப் பெட்டியில் போட ஆரம்பித்தாள். ரதோய்கா எழுந்தாள். கோட்டைக் கழற்றினாள். கழுத்துத் துணியை அவிழ்த்து மடித்து வைத்தாள். யாரோ "ஐயோ" என்றார்கள். நாற்காலியில் போய் உட்கார்ந்து, "தொறம்மா" என்றாள், பல் பிடுங்க வாயைத் திறக்கிறவள் மாதிரி.

ஜன்னல் திறந்தது. கதவு திறந்தது. காற்று உள்ளே வந்து, அவள் கழுத்தைத் தொட்டு, வெளியே போனது. மற்றவர்கள் கோட்டும் குல்லாவும் மாட்டிக்கொண்டு நின்றபடி வரைந்தார்கள்.

"சீக்கிரம் போடுங்கய்யா, ஒரு உசுரு அங்க உட்காந்திருக்கு!"

"ரதோய்கா, வலிக்குதா?"

"இன்னும் இல்ல."

"வரும், வரும். பயப்படாத."

இருபது நிமிடம் முடிந்ததும் பாய்ந்துபோய் எல்லாவற்றையும் மூடினார்கள். பதினோரு படங்களையும் தியோதோரா வரிசையாகப் பார்த்தாள். பதினொன்றிலும் ஜன்னல் மூடியிருந்தது.

"கண்ணெதிர்ல தொறந்துதானே இருந்துது, ஸ்பாசொயே மாமா?"

"அது யாரோ பிரெஞ்சுக்காரியா இருந்தாக்கூடப் பரவால்ல" என்றார் அவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இது நம்ம ரதோய்கா. இவளப் போயி எப்படிம்மா காத்துல விடறது?"

மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆள். அன்றைக்கு வரையாமல் உட்கார்ந்திருந்தவள். தியோதோரா காலண்டர் படத்தைச் சுவரிலிருந்து உரித்து ரதோய்காவின் பையில் வைத்தாள். "நீங்க வீட்டுல போட்டுப் பாக்குறீங்களா?" என்றாள். வழக்கம்போலக் கேள்விதான். ஆனால் இது நிஜமாகவே கேட்ட கேள்வி.

மறுநாள் காலையில் ரதோய்கா கண் விழித்ததும் அசையாமல் படுத்திருந்தாள். பிறகு கழுத்தை மெல்ல இடது பக்கம் திருப்பினாள். திரும்பியது. வலது பக்கம் திருப்பினாள். அதுவும் திரும்பியது. சிறுநீரகம் இருக்கும் இடத்தை அமுக்கிப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் போய் வாயை இளித்துப் பார்த்தாள். நேராக இருந்தது. நேற்றைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருப்பதுபோலக்கூடப் பட்டது. அவளுக்குப் பயமாக இருந்தது. ஒன்றும் ஆகவில்லை என்றால் என்ன அர்த்தம்? ஆலையில் வெயில் காலத்தில் நாற்பது பெண்கள் வேர்த்து ஊற்ற ஊற்றச் சாத்திய ஜன்னல்கள் எல்லாம் எதற்கு? இனிமேல்தான் வரும்போல என்று நினைத்துச் சமாதானம் ஆனாள்.

கழுத்து சரியாக இருக்கிறது என்று அவள் சொல்வதற்குள், அவள் குறுக்குக் காற்றில் உட்கார்ந்ததைத் தோப்ரிவொயே ரொட்டி வாங்கப் போன இடத்தில் சொல்லிவிட்டான். ஒன்பது மணிக்குக் கதவு தட்டும் சத்தம். முதல் மாடி வூக்கொசாவா. இரண்டு முழங்காலும் தேய்ந்தவள். லிப்ட் ஆகஸ்டிலிருந்து ஓடவில்லை. நான்கு மாடி ஏறி வந்திருந்தாள். கையில் ஒரு தகரத் தட்டு நிறைய கிபனிட்சா. மெல்லிய மாவு மடிப்புகளுக்கு நடுவே சீஸும் முட்டையும் குழைந்து, ஆவி பறந்தது.

"எதுக்குடி எழுந்து வந்த? படு!"

"வூக்கா, எனக்கு ஒண்ணும் இல்ல..."

"மொதல்ல அப்படித்தான் இருக்கும். எங்க நாத்தனாரும் ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னா."

"கழுத்து திரும்புது, பாரேன்."

"திருப்பாத! நரம்பு பிசகிடும்!"

தட்டை மேஜையில் வைத்து, இவளைப் படுக்கையில் தள்ளி, பிளம் சாராயத்தைக் கையில் ஊற்றிக் கழுத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். அரை மணி நேரம் தேய்த்தாள். நடுநடுவே தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றாள். இவ்வளவு பாடுபட்டவளிடம் வலிக்கவே இல்லை என்று எப்படிச் சொல்வது? ரதோய்கா முனகினாள். சின்னதாக ஒரு முனகல்தான். வூக்கொசாவாவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஆங், அந்த எடந்தான்" என்று இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

மூன்று நாள் இப்படி ஓடியது. வகுப்பு ஆட்கள் போன் செய்தார்கள். ஸ்பாசொயே அழுதேவிட்டார். தோப்ரிவொயே முட்டையைத் தானே பொரித்துத் தின்றான். கண்ணாடியையும் தானே தேடிக்கொண்டான். ரதோய்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். செய்ய ஒன்றுமில்லை. ஒன்றும் செய்யவும் விடமாட்டார்கள். பட்டப்பகலில் தன் இரண்டு கைகளும் போர்வைமேல் சும்மா கிடப்பதை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கையுறைகள் மாதிரி இருந்தன. எதிர்ச்சுவரில் காலை வெயில் ஒரு கட்டமாக விழுந்து, மெல்ல நகர்ந்து, அலமாரிமேல் ஏறி, மத்தியானத்துக்குள் காணாமல் போனது. இருபத்தெட்டு வருடமாக இருக்கிற வீடு. இந்த வெயில் இப்படி வருகிறது என்று அவளுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் தோப்ரிவொயே மருந்துக்கடைக்குப் போனதும் எழுந்தாள். பலகையில் தாளை நனைத்து ஒட்டினாள். காலண்டர் படத்தை எதிரே சாய்த்தாள். எது தெரியாமல் மூன்று வாரம் தேய்த்தாளோ அது இப்போது கைக்கு வந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் அல்லவா? ஈர நீலத்தைத் திரைச்சீலையின் மடிப்பில் ஓடவிட்டாள். கழுத்தில் காற்று பட்ட இடத்தைத் தொடவே இல்லை. மடியில் கையைத் தொடவில்லை. தாள் வெள்ளையாகவே கிடந்தது. கை துறுதுறுத்தது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

மாடிப்படியில் முழங்கால் சத்தம் கேட்டது. பலகையை அலமாரிமேல் தள்ளி, தாவிப் படுக்கையில் விழுந்து போர்வையை இழுத்துக்கொண்டாள். வூக்கொசாவா சூப்போடு வந்தாள். வந்தவள் இவள் கையைப் பார்த்து அலறினாள்.

"ஐயோ கடவுளே! வெரலெல்லாம் நீலமாயிடுச்சே!"

"அது ஒண்ணும் இல்ல, வூக்கா..."

"ரத்தம் ஓடலடி! காத்து உள்ள எறங்கிடுச்சு!" ஒவ்வொரு விரலாகப் பிடித்து உருவினாள். உருவ உருவ நீலம் போனது. அந்த அம்மாள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வருது, வருது, ரத்தம் வருது. நான் மட்டும் இப்ப வராம இருந்திருந்தா!"

ரதோய்காவுக்குச் சிரிப்பு வந்தது. அது பெயின்ட் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். வூக்கொசாவா அதில் ஒரு கரண்டி சூப்பை ஊற்றிவிட்டாள்.

டிசம்பர் முதல் வெள்ளி வந்தது. கண்காட்சிக் கூடத்தில் பதினோரு மூடிய ஜன்னல்கள், கடைசியில் ஒரு திறந்த ஜன்னல். இயக்குநர் வாட்டசாட்டமான மனிதர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகத் தாண்டி வந்தார். "ம்" என்றார். ஸ்பாசொயேயின் பிளாஸ்டிக் ஜன்னல் முன்னால், "எந்தக் கம்பெனி?" என்று கேட்டார். தியோதோராவின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. ரதோய்கா சுவரோரமாக நின்று கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாவது படத்தின் முன்னால் அவர் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரும்பி, "யாருப்பா கதவத் தொறந்து வெச்சது?" என்றார்.

காவலாளி ஓடிப்போய்ப் பார்த்தான். "மூடித்தான் சார் இருக்கு."

"ஜன்னல்?"

"எல்லாமே மூடியிருக்கு சார்."

இயக்குநர் படத்தைத் திரும்பப் பார்த்தார். பின்னால் நின்ற இரண்டு பெண்களும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தும்மினாள். "உங்களுக்கு நூறு வயசு" என்று நாலைந்து பேர் சேர்ந்து வாழ்த்தினார்கள். அவருக்கு விஷயம் புரிந்து, முகம் சிவந்து, பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இத யார் போட்டது?"

தியோதோரா கை காட்டினாள்.

"ஏம்மா, உங்களுக்கு அந்தப் பொண்ணு மேல ஈவிரக்கமே இல்லையா?"

"நான்தான் சார் அங்க உட்காந்திருந்தேன்" என்றாள் ரதோய்கா.

அறை கோடை வரைக்கும் அவர்களுக்குத்தான் என்றார் இயக்குநர். நடனக் குழுவைப் புதன்கிழமைக்கு மாற்றலாம். கோடைக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தியோதோரா முதல் தடவையாகக் கேள்விக்குறி இல்லாமல் ஒரு வாக்கியம் சொன்னாள். "வியாழக்கிழமை நாலு மணி. யாரும் லேட்டா வரக் கூடாது."

கூட்டத்தில் வூக்கொசாவாவும் வந்திருந்தாள். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்று, ரதோய்காவின் கழுத்தை எல்லோர் எதிரிலும் தடவிப் பார்த்தாள். "இந்தப் படத்துக்காகச் செத்துப் பொழச்சா" என்று கூட நின்றவர்களிடம் சொன்னாள். "வெரலெல்லாம் நீலமா போயி, நான்தான் உருவி உருவி மீட்டெடுத்தேன்." ரதோய்கா தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

அந்தக் கிபனிட்சாத் தட்டு மட்டும் திரும்பிப் போகவில்லை. அக்கம்பக்கத்து வீட்டிலிருந்து வந்த தட்டை அங்கே யாரும் வெறுமையாகத் திருப்புவதில்லை. ரதோய்கா மூன்று தடவை அதை நிரப்பினாள். ஒருமுறை வால்நட் கேக், ஒருமுறை பூசணி அப்பம், இன்னொருமுறை மறுபடியும் கேக். மூன்று தடவையும் இரண்டாவது மாடிவரை இறங்கிப் போனாள். நோகாத கழுத்துக்குத் தேய்த்த கைக்குப் பதிலாக வெறும் கேக்கைக் கொடுத்துக் கணக்கை முடிப்பது அவளுக்குத் திருட்டு மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னாலோ, ஊரிலே ஓர் உயிரை மீட்டவள் என்று வூக்கொசாவா நிமிர்ந்து நடக்கிற நடை அன்றோடு போய்விடும். மூன்று தடவையும் திரும்பி ஏறிவந்துவிட்டாள். தோப்ரிவொயே ஒன்றும் கேட்காமல் தின்றான். இரண்டு கிலோ ஏறிவிட்டான்.

போன வாரம் வூக்கொசாவாவே மேலே ஏறி வந்தாள்.

"உங்கிட்ட ஒரு தட்டு இருந்தா குடேன். என்னோடத எங்க வெச்சேன்னே தெரியல."

ரதோய்கா அலமாரியைத் திறந்தாள். வூக்கொசாவாவின் தட்டு முன்னாலேயே வெறுமையாக இருந்தது. அதைத் தாண்டிக் கையை உள்ளே விட்டுத் தன்னுடையதை எடுத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தட்டும் வந்து சேர்ந்தது, வழக்கப்படி நிரம்பி, ஆவி பறக்க.